மீட்டமை

'மீள்' என்னும் வினையடியிலிருந்து வந்தது 'மீட்டு'. அதோடு 'அமை' சேர, ரீசெட்டுக்குத் தமிழ் கிடைத்தது. இலங்கையின் மன்னார்ப் பிள்ளைகளுக்கு 'மீட்டல்' என்றால் பரீட்சைக்கு முன் பாடத்தைத் திரும்பப் படிப்பது. 2020 டிசம்பரில் அங்கே திறந்த தம்பபவனி காற்றாலையின் 30 சுழலிகளில் ஒன்று பழுதுகண்டு தானே நின்றால், திரும்ப ஓடவைக்கும் கட்டளையும் மீட்டமைப்பே.

லினக்ஸ் கெர்னலில் இச்சொல் பாதி வேலையைத்தான் சொல்கிறது; பிழைக்குப் பின்னான துப்புரவு அதில் அடங்காது. ஒரு சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவர், நினைவகம், இன்டரப்ட் என ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும். நடுவில் பிழை வந்தால் கடைசியாக வாங்கியதை முதலில் விட்டு, பின்வரிசையில் வெளியேற வேண்டும். சாதனம் நேரடியாக நினைவகத்தில் எழுதும் டி.எம்.ஏ. ஓடும்போதே நினைவகத்தை விடுவித்தால், அடுத்து அதைப் பெற்றவரின் தரவின்மேல் சாதனம் எழுதிவிடும். இந்தத் துப்புரவுக்கு நம்மிடம் இன்னும் நல்ல கலைச்சொல் நிலைக்கவில்லை.