தனித்தேர்வர்கள்: எழுதப்படாத ஒரு கல்வி வரலாறு

நம் மக்களின் கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் பள்ளிக்கூடங்களைத்தான் எண்ணுகிறார்கள். 1893இல் சென்னை மாகாண அரசு பஞ்சமர் கல்விக்காகப் போட்ட ஆணை, 1894இல் ஆல்காட் அடையாறில் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளி, பிறகு ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், விடுதிகள் என்று வரிசை போகும். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் உள்ளே போய்ப் பாதியில் வெளியே தள்ளப்பட்டவர்கள் எந்த வழியில் சான்றிதழ் வாங்கினார்கள்? நான் படித்த நூல்களில் அதற்குப் பதில் இல்லை. எங்கள் காலனியில் முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்களில் பாதிப்பேர் பிரைவேட்டாகக் கட்டி எழுதியவர்கள். அரசாங்க மொழியில் தனித்தேர்வர்கள்.

எட்டாம் வகுப்புக்குச் சமமான ஈ.எஸ்.எல்.சி. தேர்வை எழுதப் பள்ளிக்கூடத்தையே மிதித்திருக்க வேண்டியதில்லை. பன்னிரண்டரை வயது முடிந்திருந்தால் போதும். அதில் தேறியவர் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு நேரடியாகக் கட்டலாம். லாரி, வேன் ஓட்டுகிறவர்களுக்கு எட்டாம் வகுப்பு வேண்டும் என்ற விதி 2019இல் நீக்கப்பட்டது. அதுவரை மீசை நரைத்த டிரைவர்கள்கூட இந்தத் தேர்வுக்கு வந்து, சின்னப் பெஞ்சில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து எழுதினார்கள்.

என் பெரியப்பா மகன் ஆறாவதோடு நின்றவர். ஏன் நின்றாய் என்று கேட்டால் வறுமை என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு: "வறுமை எங்க இல்ல? வாத்தியாரு தெனமும் என்னியத்தான் வாசல் கூட்டச் சொல்லுவாரு. ஒருநா மாட்டேன்னேன். புளியங்குச்சி முறியற வரைக்கும் அடிச்சாரு. மக்யா நாளு மாடு ஓட்டிக்கினு போயிட்டேன்." இருபத்திரண்டு வயதில் ஈ.எஸ்.எல்.சி. எழுதினார். பகலில் கரும்பு வெட்டு, இராத்திரி டவுனில் டுட்டோரியல். பத்தாவது நாலாவது தடவையில்தான் கிடைத்தது. மூன்று தடவையும் கவிழ்த்தது இங்கிலீஷ்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது: "பேப்பர்ல பேரு எழுதக்கூடாது, நம்பர்தான். அந்த மூணு மணி நேரம் நான் யாரு, எந்தத் தெருன்னு எவனுக்கும் தெரியாது தம்பி." ஃபெயில் போட்டதும் அந்த நம்பருக்குத்தான். அதனால் ஃபெயிலானதைக்கூட அவர் அவமானமாக நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கிடைக்காத நியாயம் பரீட்சைத் தாளில் கிடைத்தது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

இந்தத் துண்டுக் காகிதத்துக்கு ஊரில் என்ன மதிப்பு வந்தது என்பதற்கு 1980ஐப் பார்க்க வேண்டும். அந்த நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தது. பரம்பரையாக ஒரு சில குடும்பங்களின் பெட்டியில் இருந்த ஊர்க் கணக்கு, தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் கைக்கு மாறியது. அதற்கான கல்வித் தகுதி எஸ்.எஸ்.எல்.சி.தான், பட்டப் படிப்பெல்லாம் இல்லை. அண்ணனுக்கு அந்த வேலை கிடைத்தது. சிட்டாவுக்கு வந்த பண்ணையார் முதலில் கேட்டது, "தம்பி எந்தத் தெரு?"

2012இல் பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்குப் போனது. நேரடியாக எழுதும் தனித்தேர்வரும் முன்கூட்டியே பதிந்து, ஒதுக்கிய பள்ளிக்குப் போய் 80 சதவீத வகுப்புகளில் உட்கார வேண்டும். செய்முறையில் 15 எடுக்காமல் தேற முடியாது. அறிவியலுக்குச் செய்முறை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கூலி வேலைக்குப் போகிறவன் பகல் வகுப்புக்கு எப்படிப் போவான்? அதோடு, ஆளைப் பார்த்து மார்க் போடும் இடம் மறுபடியும் வந்துவிட்டது. எந்தக் கண்ணிலிருந்து தப்பித்து நம்மவர்கள் பிரைவேட்டாகக் கட்டினார்களோ, அந்தக் கண்ணுக்கு முன்னால்தான் இப்போது சோதனைக் குழாயைப் பிடிக்க வேண்டும்.

இரண்டாம் தரமாகப் பார்ப்பதும் போகவில்லை. 2020 ஜூனில், கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்துசெய்து பள்ளி மாணவர் அனைவரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. தனித்தேர்வருக்கு அந்தத் தேர்ச்சி இல்லை. அவர்களுக்குச் செப்டம்பரில் தேர்வு வைத்தார்கள். வகுப்பில் உட்கார்ந்திருந்தவனுக்கு நோய் பயம் உண்டு, செங்கல் சூளையில் இருந்தவனுக்குக் கிடையாது என்று கணக்குப் போட்டார்களோ என்னவோ. எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு பெண் அந்த வருஷம் கட்டியிருந்தாள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு போய் எல்லாப் பேப்பரும் எழுதினாள். கணக்கில் 36. பாஸ்.