பங்குச் சந்தை சரியும்போது சிறு முதலீட்டாளர் என்ன செய்கிறார்?

வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை அறிவித்தது. பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் பணிப்பின் பேரில், கொழும்பு பங்குச் சந்தை ஏப்ரல் 18 முதல் ஐந்து வர்த்தக நாட்கள் மூடப்பட்டது. 25ஆம் திகதி திறந்ததும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 12 வீதத்துக்கும் மேல் சரிந்தது. எஸ் அன்ட் பி எஸ்எல்20 சுட்டெண் 10 வீதம் விழுந்தால் அன்றைய வர்த்தகம் நிறுத்தப்படும் என்பது விதி. அன்று அதுவே நடந்தது.

இத்தகைய நாட்களில் சிறு முதலீட்டாளர்கள் மூன்று விதமாக நடந்துகொள்வதைக் காண்கிறேன். சிலர் கிடைத்த விலைக்கு விற்கிறார்கள். சிலர் வாங்கிய விலை திரும்பும்வரை காத்திருக்கிறார்கள். சிலர் மலிவு என்று மேலும் வாங்குகிறார்கள். எது சரி என்பதை, அந்தப் பணம் எப்போது தேவை என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. தரகரிடம் கடன் பெற்று வாங்கியவருக்கோ தெரிவே இல்லை. பங்கின் பெறுமதி குறைந்ததும் மேலதிகப் பணம் கட்டவேண்டும். கட்டாவிட்டால் தரகரே விற்றுவிடுவார். அந்த விற்பனை விலையை இன்னும் கீழே தள்ளும்.

போரில் எல்லாவற்றையும் இழந்து, மீண்டும் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள் நாம். நகையை அடகு வைத்தோ, பிள்ளையின் படிப்புக் காசை எடுத்தோ பங்கு வாங்கக்கூடாது. சந்தை மூடியிருக்கும் நாளில் அவசரத்துக்கு விற்கவும் முடியாது.