பலாச்சுளையும் பதினேழு எண்களும்

பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் வாங்க வருபவர்கள் பழத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், முள்ளுக்கும் முள்ளுக்கும் உள்ள இடைவெளியைக் கூர்ந்து பார்ப்பார்கள். உள்ளே எத்தனை சுளை இருக்கும் என்று அறுக்கும் முன்பே தெரிந்துகொள்ளும் ஆசை எல்லோருக்கும் உண்டு. காரிநாயனார் இயற்றிய பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரம் அந்த ஆசைக்கு ஒரு கணக்கே சொல்லி வைத்திருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளையின் எண்ணிக்கை வந்துவிடும். முள் 100 என்றால் சுளை 120.

எல்லாப் பழத்துக்கும் இது ஒத்துவருமா என்பதைப் பழத்தை அறுத்துத்தான் சரிபார்க்க வேண்டும். வெளியே எண்ண முடிந்ததைக் கொண்டு உள்ளே மறைந்திருப்பதைச் சொல்லிவிடலாம் என்று ஒருவர் துணிந்தாரே, அந்தத் துணிவுதான் இங்கே முக்கியம். கடலூரும் சிதம்பரமும் அடங்கிய பழைய தென்னார்க்காட்டில் இப்படி விளையாட்டாக எழுந்த கேள்விகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. அவற்றில் சில 20ஆம் நூற்றாண்டில் உலகக் கணித ஆய்வின் முன்வரிசை வரை சென்றன.

கணக்கதிகாரம் போன்ற நூல்களுக்குக் களமாக இருந்தவை திண்ணைப் பள்ளிகள். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லி, எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். பொன்னிலக்கம் பின்னங்களைக் கற்றுத் தந்தது, நெல்லிலக்கம் முகத்தலளவைகளைக் கற்றுத் தந்தது. அந்தப் பின்னங்கள் இன்றைய பள்ளிப் பிள்ளைகளை மலைக்க வைக்கும். ஒன்றில் 20இல் ஒரு பங்கு மா, 80இல் ஒரு பங்கு காணி, 320இல் ஒரு பங்கு முந்திரி. நெல்லிலோ 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். களத்துமேட்டில் குத்தகை நெல் அளக்கும்போது தந்தை ஏமாறாமல் இருக்க வேண்டுமானால் பத்து வயதுப் பிள்ளைக்கு இவை நுனிநாக்கில் நிற்க வேண்டும். அலுப்பில்லாமல் பயிற்சி கொடுக்கத்தான் பலாச்சுளை போன்ற புதிர்கள் உதவின.

ஆளவந்தவர்களும் இந்த மண்ணில் ஒரு விசித்திரமான கணக்கைப் போட்டார்கள். 1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. புனித டேவிட் கோட்டை என்று பெயர் பெற்றது அதுதான். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒப்பந்தத்தில் வேலியும் இல்லை, குழியும் இல்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அதுவரை உள்ள நிலம் கம்பெனிக்கு. இதற்காகச் சென்னையிலிருந்து பீரங்கி கொண்டுவந்து பல திசைகளிலும் சுட்டார்கள். உள்ளே அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. கடலூரில் குண்டு உப்பலவாடி இன்றும் இருக்கிறது.

பள்ளிக்கூட வடிவியல்தான் இது. குண்டு போகும் தூரம் ஆரம், கிடைக்கும் நிலம் வட்டத்தின் பரப்பு. ஆரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். நல்ல பீரங்கியைத் தேடிக் கொண்டுவந்ததன் லாபம் அந்த நான்கு மடங்கில் இருக்கிறது. வட்டத்துக்குள் அகப்பட்ட ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை என்பதையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

கடலூருக்கு வடக்கே ஒரு பொழுது நடைத் தொலைவிலுள்ள புதுச்சேரியில் வேறொரு கணக்கு ஐரோப்பியர்களை வியக்க வைத்தது. 1769இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க அங்கே வந்திருந்தார் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீல். அன்று மேகம் மறைத்து அவரை ஏமாற்றிவிட்டது. ஆனால் தமிழ்க் கணிதர்களிடம் கிரகணம் கணிக்கும் முறையை அவர் கற்றுக்கொண்டு போனார். பிறகு ஜான் வாரன் என்ற அதிகாரி, பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர் 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைத் தன் முன்னால் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்தார். அந்தக் கணிதர் தாளையோ எழுதுகோலையோ தொடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, சோழிகளை நகர்த்தியே விடை சொன்னார். கிரகணத்தின் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம்.

அந்த வானியலில் அடிக்கடி வரும் ஓர் எண் சிதம்பரத்துக்காரர்களுக்கு வேறு வழியாகத் தெரியும். பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன் ஓடுகள் என்பது கோயில் மரபு. மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை அது என்பார்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 360 மூச்சு. நாழிகை என்பது 24 நிமிடம் ஆகையால் நிமிடத்துக்கு 15 மூச்சு வருகிறது. அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினால் ஏறக்குறைய இதற்குப் பக்கத்தில்தான் வரும். வானவட்டத்தின் 360 பாகைகளை 60 கலைகளாகப் பிரித்தாலும் அதே 21,600. இது தற்செயல் அல்ல. ஒரு மூச்சு நேரத்தில் ஒரு கலை சுழற்சி என்று ஆரியபடரே 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டையும் பொருத்தி வைத்துவிட்டார்.

இனி நவீனக் காலத்துக்கு வரலாம். 1910 வாக்கில் தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவிலூரில் வி. ராமசாமி ஐயர் துணை ஆட்சியராக இருந்தார். கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் அப்போது அது. வரியும் பட்டாவும் பார்ப்பது அவருடைய உத்தியோகம், கணிதம் அவருடைய உயிர். மாணவராக இருந்தபோதே லண்டனிலிருந்து வந்த 'எஜுகேஷனல் டைம்ஸ்' இதழுக்குக் கணித ஆக்கங்கள் அனுப்பியவர். எழுதுவது ஒரு பேராசிரியர்தான் என்று நினைத்து, இதழ் ஆசிரியர் அவரைப் 'புரொபசர்' என்றே விளித்தார். அந்தப் பட்டம் கடைசிவரை அவரோடு ஒட்டிக்கொண்டது. இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தொடங்கி வைத்தவரும் அவரே.

அவரைத் தேடித் திருக்கோவிலூருக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார் ராமானுஜன். கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிய ராமசாமி ஐயருக்கு, இந்த இளைஞரை வருவாய்த் துறையின் அடிமட்டத்தில் உட்கார வைக்க மனம் வரவில்லை. அறிமுகக் கடிதம் கொடுத்துச் சென்னையில் இருந்த கணித நண்பர்களிடம் அனுப்பினார். அடுத்த ஆண்டே கழகத்தின் இதழில் ராமானுஜனின் கேள்விகள் வரத் தொடங்கின. அதில் ஒன்று √(1+2√(1+3√(1+4√…))) என்று முடிவில்லாமல் உள்ளே உள்ளே போகும் வர்க்கமூலம். இதன் மதிப்பு என்ன?

ஆறு மாதம் யாரும் விடை அனுப்பவில்லை. விடை 3. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் அதன் இழையைப் பிடித்துவிடலாம். 3 என்பது 9இன் வர்க்கமூலம், 9 என்பது 1+2×4. அந்த 4 என்பது 16இன் வர்க்கமூலம், 16 என்பது 1+3×5. அந்த 5 என்பது 25இன் வர்க்கமூலம், 25 என்பது 1+4×6. இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம். முடிவே இல்லாத இப்படிப்பட்ட மூலங்கள் எப்போது ஒரு மதிப்பில் நிலைகொள்ளும் என்பதற்குச் சரியான நிபந்தனையைப் பின்னாளில் கண்டு சொன்னவர் தி. விஜயராகவன். அவரும் தென்னார்க்காட்டுக்காரர், 1902இல் ஆடூர் அகரத்தில் பிறந்தவர். 1925இல் ஆக்ஸ்போர்டு சென்று கணிதவியலாளர் ஹார்டியிடம் ஆய்வு செய்தார். 1927இல் அச்சான ராமானுஜன் கட்டுரைத் தொகுப்பின் பின்னிணைப்பில் விஜயராகவனின் குறிப்பு இடம்பெற்றது. திருக்கோவிலூரில் வேலை தேடியவரின் புதிருக்கு அதே மாவட்டத்துப் பிள்ளை வரையறை எழுதினார்.

1929இல் சிதம்பரத்தை ஒட்டி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. அதன் கணிதத் துறைக்கு வந்த ஏ. நரசிங்க ராவ், 1933இல் இந்தியக் கணிதக் கழகம் தொடங்கிய 'தி மேத்தமேட்டிக்ஸ் ஸ்டூடன்ட்' என்ற காலாண்டிதழின் முதல் ஆசிரியரானார். கடினமான ஆய்வுக் கட்டுரைகளுக்குக் கழகத்தின் மூல இதழ் இருந்தது. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உரிய குறிப்புகள், கேள்விகள், விடைகள் என்று புதிய இதழ் வேறொரு கதவைத் திறந்தது. ராமசாமி ஐயர் மாணவராக லண்டன் இதழுக்குக் கணக்கு அனுப்பிக் காத்திருந்தார். அடுத்த தலைமுறை மாணவர்களுக்குக் கேள்வி கேட்கவும் விடை எழுதவும் அண்ணாமலைநகர் முகவரி கிடைத்தது.

அந்த வளாகத்தில் 1929 முதல் 1941 வரை விரிவுரையாளராக இருந்தவர் எஸ். எஸ். பிள்ளை. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்து, இளம் வயதிலேயே பெற்றோரை இழந்து, ஆசிரியர் ஒருவரின் ஆதரவால் படித்து மேலேறியவர். அவர் எடுத்த கேள்விகளைப் புரிந்துகொள்ள ஒரு பள்ளி மாணவன் போதும், தீர்க்கத்தான் பிள்ளை வேண்டும்.

ஒன்றைப் பார்க்கலாம். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்குள் கூட்டி எழுதிவிடலாம் என்று 1770இல் லக்ராஞ்சு நிறுவினார். அதே ஆண்டு எட்வர்ட் வாரிங், கன எண்களுக்கு 9, நான்காம் அடுக்குக்கு 19 போதும் என்றார். ஆறாம் அடுக்குக்கு எத்தனை? ஆறாம் அடுக்குகள் 1, 64, 729 என்று தாவிப் போகின்றன. 703 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால் 729ஐத் தொட முடியாது. 64ஐப் பத்து முறை போட்டால் 640, மீதி 63ஐ ஒன்று ஒன்றாகத்தான் நிரப்ப வேண்டும். ஆக 73 எண்கள் தேவை. எந்த எண்ணுக்கும் 73க்கு மேல் தேவைப்படாது என்பதை 1940இல் பிள்ளை நிறுவினார். ஏழாம் அடுக்கு முதல் மேலே உள்ளவற்றுக்கான பொதுவிடையை அதற்கு முன்பே, அமெரிக்காவின் டிக்சனும் பிள்ளையும் ஒருவரையொருவர் சாராமல் கண்டிருந்தார்கள். நான்காம் அடுக்கின் 19 மட்டும் 1986 வரை காத்திருந்தது. அதை முடித்து வைத்த மூவரில் சென்னையின் ஆர். பாலசுப்பிரமணியனும் ஒருவர்.

இன்னொன்று இன்னும் எளிமையானது. தொடர்ந்து வரும் சில எண்களை எழுதுங்கள், 24, 25, 26, 27, 28 என்று. இதில் 25க்கும் மற்ற நான்குக்கும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. எந்த இடத்தில் தொடங்கினாலும் இப்படி ஓர் ஒண்டிக்கட்டை எண் கிடைக்குமா? 16 எண்கள் வரை கட்டாயம் கிடைக்கும் என்றும், 17 எண்களில் அது பொய்த்துப்போகலாம் என்றும் பிள்ளை காட்டினார். 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழும் அப்படிப்பட்டவை. 2189க்கு 2200இல் 11 துணை கிடைக்கிறது, 2197க்கு 2184இல் 13 துணை கிடைக்கிறது, 2191க்கு அதே 2184இல் 7. பேனாவும் தாளும் இருந்தால் அரைமணியில் பதினேழையும் சரிபார்த்துவிடலாம். இதைக் கொண்டு, தொடர்ச்சியான எண்களைப் பெருக்கினால் வர்க்கமோ கனமோ வேறு அடுக்கோ வராது என்பதைப் பதினாறு எண்கள் வரை பிள்ளை நிறுவினார். எத்தனை எண்களானாலும் வராது என்று எர்டிஷும் செல்ஃப்ரிட்ஜும் நிறுவியது 1975இல்.

பிள்ளை அண்ணாமலைநகரை விட்டுத் திருவனந்தபுரத்துக்கும், பிறகு கல்கத்தாவுக்கும், கடைசியாகச் சென்னைக்கும் போனார். 1950இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்டவர், ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமான விபத்தில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 49.

சிதம்பரத்து ஆண்டுகளில் அவர் தொடங்கிய ஒரு கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. வர்க்கம், கனம் முதலான அடுக்கு எண்களை வரிசையாக எழுதினால் 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என்று போகும். இவற்றில் இரண்டுக்கு இடையே குறிப்பிட்ட ஒரு வித்தியாசம் எத்தனை முறை வரும்? எந்த வித்தியாசமானாலும் எண்ணி முடிக்கக்கூடிய தடவைகள்தான் வரும் என்பது பிள்ளையின் ஊகம். வித்தியாசம் 1 வருவது 8, 9 என்ற ஒரே இடத்தில்தான் என்பதை 2002இல் மிஹைலெஸ்கு நிறுவினார். 2 என்ற வித்தியாசம் 25, 27இல் கிடைக்கிறது, 4 என்பது 32, 36இலும் 121, 125இலும் கிடைக்கிறது, 5 என்பது 27, 32இல் கிடைக்கிறது. 6 வித்தியாசம் உள்ள இரண்டு அடுக்கு எண்களை மட்டும் கணினிகள் எவ்வளவு தூரம் தேடியும் இதுவரை யாரும் கண்டதில்லை. அப்படி இரண்டு எண்கள் கிடையவே கிடையாது என்று நிறுவியவரும் இன்னும் இல்லை.