ஆளில்லா நிலம்

புதிய நிலப்பரப்பைத் தமதாக்கிக் கொள்வதற்கு மூன்று வழிகளை ஆங்கிலேயச் சட்டம் வகுத்திருந்தது. போரிட்டு வெல்லுதல் ஒன்று. உடையவரிடமிருந்து உடன்படிக்கையாற் பெறுதல் மற்றொன்று. உடையவர் எவருமில்லா நிலத்திற் குடியேறுதல் பிறிதொன்று. முதலிரு வழிகளிற் பெற்ற நாட்டில், மாற்றப்படும் வரையில் பழைய சட்டங்கள் நிலைத்திருக்கும். மூன்றாம் வழியிலோ, குடியேறியோரின் சட்டமே நாட்டின் சட்டமாகும். ஆகவே, ஒரு நிலத்தை ‘ஆளில்லா நிலம்’ என்றழைப்பது வெறும் வருணனையன்று. அங்கு வாழ்வோரின் உரிமையைத் துடைத்தெறியும் செயலுமாகும். ஆஸ்திரேலிய வரலாறு இதற்குத் தக்க சான்று.

1768இல் கடற்பயணம் புறப்பட்ட ஜேம்ஸ் குக்கிடம் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை இரகசியக் கட்டளை ஒன்றை அளித்திருந்தது. மக்கள் வாழும் நிலமாயின் அவர்தம் இசைவுடனும், எவருமில்லையாயின் முதலிற் கண்டவர் என்ற முறையிலும் அதனைக் கைக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். கரை நெடுகிலும் மனிதரையும் அவர்கள் மூட்டிய தீயின் புகையையும் கண்டதை அவரே நாட்குறிப்பில் எழுதினார். ஆயினும், 1770 ஆகஸ்டு 22ஆம் நாள், எவருடைய இசைவுமின்றி, கிழக்குக் கரை முழுவதையும் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் உரிமை கொண்டார். 1788இல் ஆர்தர் பிலிப் தலைமையில் 11 கப்பல்கள் வந்து சேர்ந்தன; குடியேற்றம் தொடங்கிற்று.

1835இல் ஜான் பேட்மன் என்பார், இன்றைய மெல்பர்ன் பகுதியில், போர்வைகளும் கோடரிகளும் கத்திகளும் கொடுத்து, பழங்குடி மூத்தோருடன் நில உடன்படிக்கை செய்துகொண்டார். ஆளுநர் ரிச்சர்டு பர்க் அதனைச் செல்லாதென அறிவித்தார். அவ்வுடன்படிக்கையை ஏற்றால், நிலத்திற்கு முன்னமே உடையவர் இருந்தனர் என்பதையும் ஏற்க வேண்டியிருக்குமன்றோ? 1889இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும், அந்நாடு குடியேற்றத்தின்போது நிலையான குடிகளற்றிருந்தது என்றே உரைத்தது.

இப்பொய்ம்மையை எதிர்த்து நின்றது டாரஸ் நீரிணையிலுள்ள மெர் என்னும் சிறு தீவு. அங்குள்ள தோட்டங்களுக்கு எல்லைகள் உண்டு. அவை வழிவழியாகக் குடும்பங்களுக்கு உரியவை. 1982இல் எடி மாபோவும் வேறு நால்வரும் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். குவின்ஸ்லாந்து மாநிலம் 1985இல் தனிச் சட்டம் இயற்றி அவ்வுரிமையை அடியோடு அழிக்க முயன்றது. 1988இல் உயர்நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளியது. 1992 ஜூன் 3ஆம் நாள், ஏழு நீதிபதிகளுள் அறுவர் மெர் மக்களின் நிலவுரிமையை உறுதி செய்தனர். அத்தீர்ப்பைக் கேட்க மாபோ உயிருடன் இல்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே மறைந்துவிட்டார்.

தீர்ப்பு எல்லாவற்றையும் மீட்டுத் தந்துவிடவில்லை. தனியாருக்கு முழுவுரிமையாக வழங்கப்பட்டுவிட்ட நிலங்களில் பழங்குடியினர் உரிமை மீளவில்லை. ஆயினும் அதன் ஒளி கடல் கடந்தது. 1990களில் ஜோகூரின் ஓராங் அஸ்லி மக்கள் தம் மூதாதையர் நிலத்திற்காகத் தொடுத்த வழக்கில், மலேசிய உயர்நீதிமன்றமும் மாபோ தீர்ப்பைத் துணைக்கொண்டு அவர்தம் உரிமையை ஏற்றது.

பழைய நிலப்படங்களில் வெற்றிடங்களைக் காணும் மாணவர், அங்கு எவரும் வாழவில்லையா, வாழ்ந்தோரை வரைந்தவர் கணக்கிற் கொள்ளவில்லையா என்று வினவுதல் வேண்டும். மெர் தீவினர் அவ்வினாவை எழுப்பியதனாலன்றோ இருநூறாண்டுப் பொய் வீழ்ந்தது.