கிறீன் வைத்தியர் வந்த ஆண்டும் கழுவப்படாத கைகளும்

என் அக்காவுக்கு நீரிழிவு. காலில் முள் குத்திய புண் ஆறாதிருக்கவே, சில ஆண்டுகளுக்கு முன்னர் குடாநாட்டு வைத்தியசாலையொன்றில் சேர்த்தோம். சிறியதொரு சத்திரசிகிச்சை, நான்கு நாளில் வீடு திரும்பலாம் என்றார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டது. அக்கா வீட்டிலிருந்து கொண்டுபோன கிருமியல்ல, விடுதியிலே தொற்றிய கிருமி என்பது பின்னர் தெரிந்தது. ஆய்வுகூட அறிக்கையில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அநேகமாக எல்லாவற்றுக்கும் எதிரில் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து. அம்மருந்துக்குக் கிருமி அடங்காது என்பது அதன் பொருள்.

"ஐயா, இனி மிஞ்சியிருக்கிறது ரெண்டே ரெண்டு மருந்துதான்" என்றார் இளம் வைத்தியர். அவற்றுள் ஒன்று அக்காவைக் காப்பாற்றியது. காலைக் காப்பாற்றவில்லை.

அன்று விறாந்தை வாங்கில் இருந்தபோது எனக்கு மானிப்பாய்க் கிறீன் வைத்தியரின் நினைவு வந்தது. சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தது 1847ஆம் ஆண்டில். மேலைத்தேய மருத்துவத்தை முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலுமாக, அறுபதுக்கு மேற்பட்ட நம்மவர்க்குக் கற்பித்தவர். அவர் வந்திறங்கிய அதே ஆண்டு மே மாதத்தில், வியன்னாவின் பிரசவ விடுதியொன்றில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் ஓர் ஆணை பிறப்பித்தார். பிரேத பரிசோதனை செய்துவிட்டு வரும் வைத்தியர்களும் மாணவர்களும் குளோரின் கரைசலில் கை கழுவிய பின்னரே தாய்மாரைத் தொடவேண்டும் என்பதே அது. ஏப்பிரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த தாய்மார் மரணம் ஜூனில் ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. ஆயினும், கொலை செய்தது தங்கள் கைகளே என்பதை ஏற்க வைத்தியர் பலருக்கு மனம் வரவில்லை. செம்மல்வைஸ் 1865இல் மனநோய் விடுதியொன்றில் இறந்தார்.

கிறீனும் அவர் மாணாக்கரும் 'பிரசவ வைத்தியம்' என்ற நூலை 1857இலும், 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூலை 1867இலும் தமிழில் தந்தனர். அந்த 1867இலேயே, கார்போலிக் அமிலத்தால் காயத்தைக் காக்கும் முறையை ஜோசப் லிஸ்டர் 'லான்செற்' இதழில் வெளியிட்டார். ஆகவே நம் மொழி பின்தங்கியிருக்கவில்லை. உலகமே அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருந்தது. வைத்தியசாலையே நோய் தரும் இடமாகவும் இருக்கலாம் என்ற உண்மை, பெனிசிலினுக்குப் பல தசாப்தங்களுக்கு முன்னரே கண்டறியப்பட்டுவிட்டது. அதற்கான மருந்தும் அன்றே தெரிந்திருந்தது: சுத்தமான கை.

பின்னர் பெனிசிலின் வந்தது. கூடவே எச்சரிக்கையும் வந்தது. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியம் கிருமிகளில் உண்டென்பதை 1940லேயே ஏபிரகாமும் செயினும் எழுதினர். குறைந்த அளவில் கொடுத்தால் கிருமி தாங்கப் பழகிவிடும் என்று 1945இல் நோபல் உரையில் பிளெமிங் சொன்னார். 1948இல் லண்டன் வைத்தியசாலையொன்றில் சோதிக்கப்பட்ட ஸ்ரபிலோகொக்கஸ் கிருமிகளில் பாதிக்கு மேற்பட்டவை பெனிசிலினுக்கு அடங்கவில்லை. தற்செயலாகத் தாங்கும் ஆற்றல் பெற்ற சில கிருமிகள், மற்றவை மடிந்தபின் அவ்விடத்தை நிரப்புகின்றன. அவ்வாற்றலை வேற்றினக் கிருமிகளுக்கும் கையளிக்கின்றன. மருந்து மிகுதியாகப் பாயும் இடமும், திறந்த புண்களும் தளர்ந்த உடல்களும் நெருங்கிக் கிடக்கும் இடமும் ஒன்றே. ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்கு அவற்றைச் சுமப்பது பெரும்பாலும் மனிதக் கையே.

யாழ்ப்பாணத்தவராகிய நாம் இதில் ஒரு தனி அனுபவம் உடையோம். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்தோம். மின்சாரம் இல்லை, எரிபொருள் அரிது, மருந்துகள் மட்டுப்படுத்தப்பட்டன. சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழக் களியில் துணி தோய்த்தோம். அந்நாட்களில் செய்தி சேகரிக்கப் போன இடங்களில், பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து அவித்து வெயிலில் உலர்த்திக் காயம் கட்டப் பயன்படுத்தியதைக் கண்டிருக்கிறேன். இலாம்பு வெளிச்சத்தில் கையை மூன்று முறை தேய்த்துக் கழுவிய தாதியொருவரை இன்றும் மறக்கவில்லை. "மருந்து இல்லை, தம்பி. கையாவது சுத்தமா இருக்கட்டும்" என்றார். அக்காலத்தை நான் போற்றவில்லை. மருந்தின்றி மாண்டோர் பலர். ஆனால் இல்லாமை கற்பித்த ஒழுங்கை நாம் எங்கே விட்டோம் என்பதே என் கேள்வி.

2002இல் ஏ-9 பாதை திறந்தது. 2006இல் மூடி 2009இல் மீண்டும் திறந்தது. மருந்துக்கடைகள் பெருகின. வைத்தியரின் சிட்டை வேண்டும் என்பது சட்டம். ஆயினும் தடிமனுக்கும் தொண்டை நோவுக்கும் அன்ரிபயோட்டிக் கேட்டு வாங்கினோம். பெரும்பாலான தடிமன் வைரசால் வருவது; அதற்கு அம்மருந்து பயன்படாது. நானும் வாங்கியவன்தான். இரண்டு நாளில் சுகமானதும் மிச்சக் குளிசைகளை அலுமாரியில் வைத்து அயலவருக்குக் கொடுத்தவன்தான்.

அக்காவைப் பார்க்கப் போனபோதும் அப்படித்தான். பஸ்ஸில் வந்த கையோடு கட்டிலில் இருந்தேன். காலைத் தடவிப் பார்த்தேன். என் பின்னால் ஒன்பது பேர் வந்தார்கள். விடுதி வாசலில் கை கழுவும் தொட்டி இருந்தது, சவர்க்காரம் இருக்கவில்லை. அதைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவுமில்லை. கிருமி எந்தக் கையில் வந்தது என்பதை எவராலும் சொல்ல முடியாது. ஆதலால் என் கையை மட்டும் விலக்கிவைக்க எனக்கு உரிமை இல்லை.

2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பக்டீரியாத் தொற்றால் நேரடியாக இறந்தோர் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் என்று 2022இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. புதிய மருந்துகள் வரலாம். கிருமி அவற்றையும் கற்றுக்கொள்ளும்.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். கிறீன் காலத்து நூல்களின் பெயர்களேனும் நமக்குத் தெரியும். 1990களில் வெறுங்கையோடு உயிர்காத்த தாதியரும் வைத்தியரும் இன்று யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் முதுமையில் இருக்கிறார்கள். எதைக் கொண்டு எப்படிக் காயம் கழுவினார்கள், எத்தனை பேரைத் தொற்றிலிருந்து காத்தார்கள் என்பதை அவர்கள் எழுதவேண்டும். எழுத இயலாவிட்டால் பிள்ளைகளிடம் சொல்லியாவது வைக்கவேண்டும். அவர்கள் கற்ற பாடம் நாளைய விடுதிகளுக்கு வேண்டும்.

அக்கா இப்போது செயற்கைக் காலோடு நடக்கிறார். என்னைக் கண்டதும் முதலில் கேட்பது: "கை கழுவினியோ?"