களைகள் காத்திருக்கும் ஊர்

விளையாட்டென்றால் வெற்றி தோல்வி என்று பழகிவிட்ட கண்களுக்கு, நிண்டெண்டோ நிறுவனத்தின் 'அனிமல் கிராசிங்' வீடியோ விளையாட்டுத் தொடர் ஒரு புதிராகவே தோன்றும். வெல்லவேண்டிய எதிரி எவரும் அதில் இல்லை. பேசும் விலங்குகள் வாழும் ஒரு சிற்றூரில் ஆட்டக்காரர் குடியேறுகிறார். மீன் பிடிக்கலாம், பழம் பறிக்கலாம், அண்டை வீட்டாருக்குக் கடிதம் எழுதலாம், எதுவும் செய்யாமல் கடலோரத்தில் நின்றுகொண்டும் இருக்கலாம். வீட்டுக்கடன் கொடுக்கும் கடைக்காரர்கூட வட்டி கேட்பதில்லை, தவணை நாளும் குறிப்பதில்லை! இத்தகைய இனிமைகளுக்காகவே இத்தொடர் போற்றப்படுகிறது. எனினும் அதன் உயிர்நிலை வேறோரிடத்தில் உள்ளதென்பது என் கருத்து. நெடுநாள் விலகியிருந்தவன் திரும்பி வருகையில் அவ்வூர் அவனை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதே அது.

இதன் தோற்றுவாயிலேயே ஒரு பிரிவு இருக்கிறது. தோக்கியோவுக்குக் கிழக்கிலுள்ள சிபா மாநிலத்தில் பிறந்த கட்சுயா எகுச்சி, 1986-ஆம் ஆண்டு நிண்டெண்டோவில் பணியேற்றுக் கியோட்டோவுக்குக் குடிபெயர்ந்தார். பெற்றோரும் நண்பர்களும் தொலைவில் நின்றுவிட்டனர். அவர்களோடு உரையாடி, உடனிருந்து பொழுது போக்குவது எத்துணை அரிய பேறு என்பதை அந்தத் தனிமையே உணர்த்தியதாகப் பின்னாளில் அவர் கூறியிருக்கிறார். பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் வந்தோரின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இவ்வுணர்வை விளக்க வேண்டியதில்லை.

பிறகு அவரே குடும்பத் தலைவரானார். பணிமுடிந்து இரவில் தாமதமாக வீடு திரும்பும் தந்தை, தம் குடும்பத்தினர் பகலில் ஆடிய அதே விளையாட்டில் எவ்வாறு பங்குகொள்வது என்னும் வினா எழுந்தது. அதற்கு விடையாக அமைந்ததே ஒரே ஊரில் நால்வர் வீடு கட்டி வாழும் ஏற்பாடு. நால்வரும் ஒரே நேரத்தில் அமர வேண்டியதில்லை. காலையில் மகள் எழுதிய கடிதம் இரவில் தந்தையின் அஞ்சற்பெட்டியில் கிடக்கும். 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், 'விலங்குகளின் காடு' எனப் பொருள்படும் 'டோபுட்சு நோ மோரி' என்னும் பெயரில் இத்தொடரின் முதல் விளையாட்டு ஜப்பானில் வெளிவந்தது. 2002-இல் அமெரிக்கா சென்றபோதுதான் 'அனிமல் கிராசிங்' என்னும் பெயர் பெற்றது.

அந்த முதல் விளையாட்டின் பேழைக்குள் ஒரு கடிகாரச் சில்லு பொருத்தப்பட்டிருந்தது. வெளியே இரவென்றால் ஊரிலும் இரவு. திசம்பரில் அங்கே பனி கொட்டும். (2020-இல் வந்த பதிப்பு வடகோளம், தென்கோளம் என இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நமக்கென ஒரு பருவம் அதில் ஏற்படவில்லை!) கருவியை அணைத்து வைத்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆறு திங்கள் கழித்துத் திரும்புகிறவனுக்குத் தெருவெல்லாம் களை மண்டிக் கிடக்கும். வீட்டுக்குள் கரப்பான் பூச்சிகள் ஓடும். எத்தனை திங்களாகக் காணவில்லை என்று அண்டை வீட்டார் கணக்குச் சொல்லிக் கேட்பர். 2005-இல் கைக்கருவிக்கென வந்த பதிப்பில் இன்னும் ஒரு படி மேலே. நாம் வராத நாள்களில் நெருங்கிய நண்பர் வீட்டைக் காலி செய்துகொண்டு, விடைபெறும் மடல் ஒன்றை மட்டும் விட்டுச் சென்றிருப்பார். பதிவு செய்யாமல் கருவியை அணைத்தவரை அகழெலி ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டுக் கடிந்துகொள்வதும் உண்டு.

காலப்போக்கில் இக்கண்டிப்புத் தளர்ந்தது. 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆட்டக்காரர் ஊர்த் தலைவராகிறார். களை பெருகாதிருக்க ஆணையிடும் அதிகாரம் அவருக்கு வந்துவிடுகிறது. 2020 மார்ச் 20-இல் வந்த 'நியூ ஹொரைசன்ஸ்' பதிப்பிலோ, நம் இசைவின்றி எவரும் ஊரைவிட்டு நீங்குவதே இல்லை. பதிவு தானாக நடைபெறுவதால் அகழெலிக்கும் பழைய வேலை போயிற்று. நான் இதனை முழுமனத்துடன் ஏற்கவில்லை. போனவர் போனவரே என்னும் அந்தச் சிறு வலிதான் இருப்பவரின் அருமையைக் காட்டியது.

ஆயினும் அவ்வாண்டின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பதிப்பு வெளிவருவதற்கு இரண்டு நாள் முன்னர், மார்ச் 18-இல், மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஏப்ரல் 7-இல் சிங்கப்பூரும் கதவடைத்தது. ஜோகூர் பாலம் வெறிச்சோடிக் கிடந்த அந்நாள்களில், ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்கு விமானமேறி நண்பர் வீட்டு வாசலில் இறங்க இவ்விளையாட்டில் இயன்றது. முதல் 12 நாள்களிலேயே உலகெங்கும் 1 கோடியே 17 லட்சம் படிகளுக்கு மேல் விற்றன. இழப்புகளால் சூழப்பட்டிருந்த மக்களிடம் விளையாட்டும் ஓர் இழப்பைக் காட்டாதிருந்தது இரக்கமே எனலாம்.

கதவுகள் திறந்தபின் பலர் தம் தீவுகளை மறந்தனர். இப்போது திரும்புவோர் தலைகலைந்த கோலத்தில் கண்விழித்து, முழங்கால் அளவு களையைப் பிடுங்கத் தொடங்குகின்றனர். அஞ்சற்பெட்டியில் தாயின் கடிதம் இருக்கும். தொடக்கம் முதல் இன்றுவரை எல்லாப் பதிப்புகளிலும், திரையில் ஒருபோதும் தோன்றாத ஒரு தாய் எங்கிருந்தோ மடலும் சிறு பரிசும் அனுப்பிக்கொண்டே இருக்கிறாள்.

ஆட்டக்காரர்களிடையே பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் செய்தியொன்றும் உண்டு. நோயுற்ற தாயொருத்தி, மகன் விட்டுப்போன ஊரில் நாள்தோறும் ஆடிவந்தாளாம். அவள் மறைந்த பின்னர், நெடுநாள் கழித்து அவன் அந்த ஊரைத் திறந்தான். அஞ்சற்பெட்டி நிறையப் பரிசுகள். அவை கருவியில் வாழும் தாய் அனுப்பியவை அல்ல. நால்வர் வீடுகளில் ஒன்றிலிருந்து, பெற்ற தாய் தன் கையால் கட்டி அனுப்பியவை.