கடலலைக்கு நாள் குறித்த கதை

மெக்சிகோ நாட்டின் தென்பகுதியில், பசிபிக் பெருங்கடலை நோக்கி அமைந்த ஊர் புவேர்ட்டோ எஸ்கோண்டிடோ. அதன் சிகட்டேலா கடற்கரையில் பாறையும் இல்லை, பவளத் திட்டும் இல்லை. வெறும் மணல்தான். ஆயினும் பலகையின்மீது நின்று அலையில் சறுக்கும் வீரர்கள் பல நாடுகளிலிருந்தும் அங்கே வருகிறார்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை அங்கே பெரிய அலைகள் தவறாமல் வருவதே காரணம்.

பத்து நாள் விடுமுறை மட்டுமே உள்ள ஒருவர் அங்கே போக விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த மாதம் போவது? எந்த வாரம் போவது? இன்று இக்கேள்விகளுக்கு ஒருவாரத்திற்கு முன்பே பெருமளவு நம்பத்தக்க விடை கிடைத்துவிடுகிறது. மழைக்கு நாள் குறிப்பதைக் காட்டிலும் அலைக்கு நாள் குறிப்பது எளிதாகிவிட்டது. இந்த அறிவு விளையாட்டுக்காகத் தேடப்பட்டதன்று. போர்முனையில், மனித உயிர்களைப் பணயமாக வைத்துத் தேடப்பட்டது.

அலை எதைச் சுமந்து வருகிறது?

அலைமீது சறுக்கும் கலை மிகப் பழையது. ஹவாய்த் தீவு மக்கள் அதனை 'ஹேஏ நாலு' என்றனர். கேப்டன் குக்கின் கப்பலில் சென்ற ஜேம்ஸ் கிங், 1779 ஆம் ஆண்டுக் குறிப்பில் இக்கலையைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். எந்தப் பருவத்தில் எந்தக் கரையில் அலை எழும் என்பது அம்மக்களுக்கு அனுபவத்தால் தெரிந்திருந்தது. அந்த அலை எங்கே பிறந்தது என்பது எவருக்கும் தெரியாது.

ஐரோப்பியக் கணித அறிஞர்கள் 19 ஆம் நூற்றாண்டில் அலையை ஆராய்ந்தனர். ஆழ்கடலில் அலை செல்லும்போது நீர்த்துகள்கள் வட்டப் பாதையில் சுழல்கின்றன என்று 1839 இல் ஜார்ஜ் கிரீன் காட்டினார். அலையுடன் நீர் பயணம் செய்வதில்லை. ஆற்றலே பயணம் செய்கிறது. ஆழ்கடலில் அலையின் வேகம் அதன் அலைவுநேரத்தைப் பொறுத்தது என்பதும் தெளிவாயிற்று. ஒரு முகடு கடந்த பின் அடுத்த முகடு வரும்வரை ஆகும் நேரமே அலைவுநேரம். அதனை 1.56 ஆல் பெருக்கினால் முகட்டின் வேகம், வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும். ஆனால் அலைக்கூட்டத்தின் ஆற்றல் இதில் பாதி வேகத்தில்தான் நகரும். இந்தக் குழுத் திசைவேகத்தை 1870களில் ஸ்டோக்ஸ், ராலே ஆகியோர் விளக்கினர். இச்சூத்திரங்கள் நூல்களில் உறங்கின. அவற்றை எழுப்பியது இரண்டாம் உலகப் போர்.

படகுகளும் அலைகளும்

1942 இல் அமெரிக்கப் படைகள் வட ஆப்பிரிக்கக் கரையில் இறங்கத் திட்டமிட்டன. அதற்கான ஒத்திகை அமெரிக்காவின் கரோலினா கடற்கரையில் நடந்தது. அலை குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டினால் படகுகள் பக்கவாட்டில் திரும்பிக் கவிழ்ந்தன. அன்றைய பயிற்சி நிறுத்தப்பட்டு மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய 25 வயது இளைஞர் வால்ட்டர் மங்க் ஒரு கேள்வி எழுப்பினார். ஆப்பிரிக்கக் கரையில் குளிர்காலத்து அலைகள் பெரும்பாலும் அந்த உயரத்தைத் தாண்டியவை. போரை யார் மறுநாளைக்குத் தள்ளிவைப்பார்கள்?

மங்க்கும் அவருடைய ஆசிரியர், நார்வே நாட்டு அறிஞர் ஹரால்டு ஸ்வெர்ட்ரூப்பும் ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் ஒரு முறையை வகுத்தனர். காற்றின் வேகம், அது வீசிய நேரம், அது தடையின்றி வீசிய கடற்பரப்பின் நீளம் ஆகிய மூன்றும் தெரிந்தால், எழும் அலையின் உயரத்தையும் அலைவுநேரத்தையும் கணக்கிடலாம். வானிலை அலுவலர்களுக்கு இம்முறை கற்பிக்கப்பட்டது. அலைகளில் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரியைக் 'குறியுயரம்' என்று கொள்ளும் வழக்கமும் இவர்களுடையதே. உலக வானிலை நிலையங்கள் இன்றும் அதையே பயன்படுத்துகின்றன.

1944 ஜூன் 5 அன்று நடக்கவிருந்த நார்மண்டி படையெடுப்பு, புயற்காற்றால் ஒருநாள் ஒத்திவைக்கப்பட்டது. ஜூன் 6 அன்று காற்று சற்றுத் தணியும் என்ற முன்னறிவிப்பை நம்பி ஒன்றரை இலட்சம் வீரர்கள் புறப்பட்டனர். அன்றும் கடல் அமைதியாக இல்லை. ஓமாகா கரைக்கு அப்பால் நீரில் இறக்கப்பட்ட ஒரு படைப்பிரிவின் 29 மிதக்கும் டாங்குகளில் 27 மூழ்கின. ஒருநாள் முன்னதாகப் புறப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இந்த எண்ணிக்கையிலிருந்தே ஊகிக்கலாம்.

அலையின் ஊர் எது?

அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் நார்மன் பார்பரும் பிரிட்ஸ் அர்செலும் கடலடியில் அழுத்தமானிகளை வைத்து அலைகளைப் பதிவு செய்தனர். 1948 இல் வெளியான அவர்களுடைய முடிவு வியப்புக்குரியது. காற்றை விட்டு விலகித் தொலைவு செல்லும் ஒழுங்கான அலைகளை இங்கே 'நெடு அலை' என்போம். ஒரு புயலிலிருந்து புறப்படும் நெடு அலைகளில் அலைவுநேரம் மிக்கவை முதலில் வருகின்றன, குறைந்தவை பின்தங்குகின்றன. மின்னலுக்கும் இடிக்கும் இடையிலுள்ள நேரத்தைக் கொண்டு மேகத்தின் தொலைவைக் கணக்கிடுகிறோம் அல்லவா? அதுபோலவே இந்த நேர வேறுபாட்டைக் கொண்டு புயலின் தொலைவைச் சொல்லலாம்.

நியூசிலாந்துக்குக் கிழக்கே, தென் பசிபிக் கடலில், சிகட்டேலாவிலிருந்து 9,000 கிலோமீட்டர் தொலைவில் ஒரு புயல் வீசுகிறது என்று கொள்வோம். 18 வினாடி அலைவுநேரமுள்ள அலைகளின் குழுத் திசைவேகம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அவை 180 மணி நேரத்தில், அதாவது ஏழரை நாளில் வந்துசேரும். 14 வினாடி அலைகள் மணிக்கு 39 கிலோமீட்டர் வேகத்தில் வர ஏறத்தாழ 231 மணி நேரம் ஆகும். இரண்டுக்கும் இடையில் 51 மணி. இந்த 51 மணியை மட்டும் கரையில் அளந்த ஒருவர், கணக்கைத் தலைகீழாகப் போட்டு 9,000 கிலோமீட்டரைக் கண்டுபிடித்துவிடலாம்.

இவ்வளவு தொலைவு வரும் அலை வழியில் தேய்ந்துபோகாதா? இதனை அறிய மங்க் குழுவினர் 1963 இல் பெரியதோர் ஆய்வை நடத்தினர். நியூசிலாந்தின் பாலிசர் முனை, சமோவா, பால்மைரா தீவு, ஹவாய், அலாஸ்காவின் யாகுடாட் ஆகிய இடங்களில் கருவிகள் வைக்கப்பட்டன. தீவு இல்லாத வடகடலில், செங்குத்தாக நிமிர்ந்து நிற்கவல்ல 'பிளிப்' என்னும் 108 மீட்டர் நீள மிதவைக் கலம் நிறுத்தப்பட்டது. தென்கடல் புயல்களின் அலைகளை அவர்கள் ஒவ்வொரு நிலையமாகப் பின்தொடர்ந்தனர். புயற்பகுதியைக் கடந்த பிறகு நெடு அலை இழக்கும் ஆற்றல் மிகமிகக் குறைவு என்பது தெரிந்தது. பரவி விரிவதால் உயரம் குறைகிறதே தவிர, அலை பத்தாயிரம் கிலோமீட்டரையும் கடந்துவிடுகிறது.

விடுமுறைக் கணக்கு

இனி நம் பயணிக்கு விடை சொல்லலாம். மே முதல் செப்டம்பர் வரை தென் அரைக்கோளத்தில் குளிர்காலம். தென்கடலில் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். சிகட்டேலா தெற்கும் தென்மேற்கும் நோக்கிய கரை. எனவே மாதத்தைப் பல மாதங்களுக்கு முன்பே முடிவு செய்யலாம். வாரத்தைக் குறிக்க, புயல் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறந்துவிட்டால் ஏழெட்டு நாள் அவகாசம் உண்டு.

மற்றது கரையைப் பொறுத்தது. நீரின் ஆழம் குறையும்போது அலை வேகம் குறைந்து, உயர்ந்து, உடைகிறது. அலையின் உயரம் ஆழத்தில் ஏறத்தாழ 0.78 பங்கை எட்டும்போது உடையும் என்பது கணக்கு. 2 மீட்டர் அலை ஏறத்தாழ இரண்டரை மீட்டர் ஆழத்தில் உடையும். மணற்கரையில் திட்டுகள் இடம்பெயர்ந்துகொண்டே இருப்பதால் அலை உடையும் இடமும் மாறும். காலையில் நிலக்காற்று கடலை நோக்கி வீசி அலையின் முகத்தைச் சீராக நிறுத்துகிறது; பிற்பகலில் கடற்காற்று அதைக் குலைக்கிறது. ஆகவே அலைச்சறுக்குக்கு விடியற்காலையே ஏற்றது.

1978 இல் ஏவப்பட்ட சீசாட் செயற்கைக்கோள் விண்ணிலிருந்து அலையுயரத்தை அளந்தது. 1985 இல் கலிபோர்னியாவில், தொலைபேசியில் அழைத்தால் அலை நிலவரம் சொல்லும் சேவை தொடங்கியது. ஷான் காலின்ஸ் என்ற அலைச்சறுக்கு வீரர், தென்கடல் வானிலைப் படங்களைத் தாமே ஆராய்ந்து அதற்கான கணிப்புகளைத் தந்தார். இன்று கணிப்பொறிகள் உலகக் கடல்கள் முழுவதற்கும் அலைக் கணக்கைப் போடுகின்றன.

நம் கரையில்

தென்கடலின் நெடு அலை நமக்கும் அயலானதன்று. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்களின் அலைகள், காற்றே இல்லாத தெளிந்த நாளில் கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் ஏறிவிடுகின்றன. கள்வனைப்போல் சொல்லாமல் வருவதால் கேரள மீனவர் இதனைக் 'கள்ளக்கடல்' என்றனர். யுனெஸ்கோ 2012 இல் இச்சொல்லை ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வழங்குகிறது. எனினும் 2024 மே மாதம், எச்சரிக்கைகள் விடப்பட்டிருந்த நாட்களில், குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். புயல் எங்கோ தொலைவில் இருந்தது. இங்கே வானம் பயமுறுத்தவில்லை.

அடுத்தமுறை குமரிக் கரைக்குச் செல்லும்போது தொலைவிலிருந்தே ஒரு சோதனை செய்து பாருங்கள். பதினொரு அலைகள் ஒரே இடத்தில் உடையும் நேரத்தை அளந்து, பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஆறேழு வினாடி வந்தால் அது அண்மைக் காற்றின் அலை. பதினைந்து வினாடியைத் தாண்டினால், அந்த அலை பெரும்பாலும் பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், சில நாட்களுக்கு முன் பிறந்தது. அதன் பின்னே இன்னும் அலைகள் வந்துகொண்டிருக்கும். அன்றைக்கு அலையை எண்ணுவதோடு நின்று, நீரில் இறங்குவதற்கு முன் அன்றைய எச்சரிக்கை என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.